பழைய மஸ்டாங்குக்கு ஓடும் இன்டிகேட்டர்: ஓசூர் பக்கம் யாராவது செய்திருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. சித்தப்பாவின் 1965 ஃபோர்டு மஸ்டாங் கார் இப்போது ஓசூரில் என் பொறுப்பில் இருக்கிறது. பின் விளக்கில் மூன்று கட்டமும் உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக எரிய வேண்டும் என்பது ஆசை. ஃபோர்டே 1965 தண்டர்பேர்டில் இதைக் கொடுத்தது. அதில் சின்ன மோட்டார் ஒன்று சுழன்று பல்புகளை வரிசையாக எரியவைக்கும். இப்போது எல்.இ.டி பலகையாகவே கிடைக்கிறது.

சிக்கல் வயரிங்கில்தான். வெளியே பார்க்க மூன்று கட்டம், உள்ளே பக்கத்துக்கு ஒரே பல்ப். பிரேக்குக்கும் இன்டிகேட்டருக்கும் ஒரே இழை, ஒரே வயர், அதுவும் ஸ்டீயரிங் சுவிட்ச் வழியாக வருகிறது. பிரேக் மிதித்தால் மூன்றும் சேர்ந்து எரிய வேண்டும், திருப்பும்போது மட்டும் ஓட வேண்டும். பலகை இதை எப்படிப் பிரித்தறிகிறது? பழைய ஃப்ளாஷர் சூடாகித்தான் விட்டு விட்டு எரியவைக்கும். எல்.இ.டி இழுக்கும் கரண்ட் அதற்குப் போதாது, எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் போட வேண்டும் என்பது வரை தெரியும். முன்னால் பழைய பல்பையே விட்டால் ஒத்துப்போகுமா?

அப்புறம் நிறம். நம் மோட்டார் வாகன விதிப்படி இன்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில், நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும். இந்த வண்டியில் பின்னால் எல்லாமே சிவப்பு. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போனவர்கள் என்ன செய்தீர்கள்?

அசல் வயரிங்கை வெட்டாமல் சாக்கெட்டிலேயே செருகி வேலை முடிக்கும் எலக்ட்ரீஷியன் ஓசூர், கிருஷ்ணகிரியில் இருந்தால் சொல்லுங்கள். பெங்களூருக்கு அனுப்ப மனசில்லை, அந்த டிராஃபிக்கில் இன்ஜின் சூடாகிவிடும்.