சேலம் வெயிலில் 2 வருடம் பரணில் கிடந்த ஸ்ட்ராங் ஏல் பீர்: நனைந்த அட்டை வாசம், மீதி பாட்டில்கள் தேறுமா?

பரண்வாசி
வணக்கம். அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். 2 வருடம் முன்பு லண்டன் மச்சான் வந்தபோது, வரியில்லாமல் கொண்டுவர விடும் 2 லிட்டர் கணக்குக்குச் சரியாக 500 மி.லி. பாட்டில் 4 எடுத்துவந்தார். 8.5 சதவீத ஆல்கஹால் உள்ள ஸ்ட்ராங் ஏல் பீர், பாட்டிலுக்குள் ஈஸ்ட் இருக்கும் வகை. "உடனே உடைச்சிடாதீங்க மாமா, வைக்க வைக்கத்தான் ருசி" என்றார். நானும் நம்பி, வேட்டியில் சுற்றிப் பரணில் படுக்க வைத்தேன். இருட்டுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. இரண்டு அக்னி நட்சத்திரம் பார்த்தாகிவிட்டது.

போன ஞாயிறு ஒன்றைத் திறந்தேன். ஐஸ்பெட்டியில் நன்றாகக் குளிரவைத்து, எவர்சில்வர் டம்ளரில் கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன். நுரையே இல்லை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. குளிர் விட விட, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம், அடியில் சோயா சாஸ். இன்னும் 3 பாட்டில் இருக்கிறது. ஏற்காட்டில் சித்தப்பாவின் காப்பித் தோட்டத்தில் கல் கட்டிய குடோன் உண்டு. அங்கே ஏற்றிவிட்டால் சரியாகுமா? எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், தப்பு என் பரண் மேல்தான்.

குகைக்காரன்
எவர்சில்வர் டம்ளரா! டவராவில் ஆற்றவில்லையே, அதுவரைக்கும் சந்தோஷம்.

மால்ட்டு அக்கா
தம்பி, நீங்கள் ஒரே கோளாறாகச் சொல்வது மூன்று தனித்தனி விஷயம்.

நுரை இல்லாதது குற்றமே இல்லை. மான்செஸ்டரில் இருந்தபோது ஜே.டபிள்யூ. லீஸின் ஹார்வெஸ்ட் ஏல் குடித்திருக்கிறேன். 1986 முதல் வருடத்துக்கு ஒருமுறை போடும் பார்லிவைன் (வைன் அளவுக்கு ஆல்கஹால் ஏறிய ஏல்), 11.5 சதவீதம். வயதானதை ஊற்றினால் தேன் மாதிரி சத்தமில்லாமல் இறங்கும். யாரும் குறை சொல்வதில்லை.

அட்டை வாசம்தான் நிஜமான சேதம். மூடிக்கடியில் மாட்டிக்கொண்ட காற்றும் உங்கள் வெயிலும் சேர்ந்து செய்த வேலை. அதற்குக் காரணம் என்று பெரும்பாலும் சொல்லப்படும் பொருள் டிரான்ஸ்-2-நோனினால். ஆயிரம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். இதே ஆக்சிஜன் குளிர்ந்த இடத்தில் நிதானமாக வேலை செய்தால் உலர்திராட்சை, பேரீச்சை, ஷெர்ரி வைன் வாசம் கொடுக்கும். பார்லிவைனை வைத்துக் குடிப்பதே அதற்குத்தான். ஹாப்ஸின் (பீரில் கசப்புக்குப் போடும் பூ) கசப்பு மங்கும், இனிப்பு முன்னால் வரும்.

சோயா சாஸ், ஈஸ்ட் செத்து உடைவதால் வருவது. அதில் பாதி நீங்கள் அடி வண்டலையும் சேர்த்து ஊற்றியதால் வந்திருக்கலாம். அடுத்த பாட்டிலை 10 நாள் நிமிர்த்தி வையுங்கள். ஆட்டாமல் எடுத்து, ஒரே சாய்ப்பில் ஊற்றி, அடியில் ஒரு விரல் அளவு விட்டுவிடுங்கள். வாய் குறுகிய வைன் கிளாஸ் போதும். 12, 13 டிகிரியில் குடிக்க வேண்டும். ஐஸ்பெட்டிக் குளிரில் நாக்கு மரத்துப்போகும், நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது.

காப்பிமலை
ஏற்காட்டுக்காரன் சொல்கிறேன். 1500 மீட்டர் உயரம் என்றதும் இங்கிலாந்து நிலவறை என்று நினைத்துவிடாதீர்கள். மார்கழியில் அருமை. சித்திரை மத்தியானம் எங்களுக்கும் புழுங்கத்தான் செய்யும். ஆனால் கல் குடோனில் பகலுக்கும் ராத்திரிக்கும் பெரிய ஏற்ற இறக்கம் இருக்காது, அது பெரிய விஷயம். பனிமூட்டக் காலத்தில் ஈரம் ஏறி மூடி துருப்பிடிக்கும், லேபிள் உரியும். பாட்டிலைத் துடைத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். 20 கொண்டை ஊசியும் ஏறி வந்த பாட்டிலை அன்றைக்கே திறக்காதீர்கள், வண்டல் முழுக்கக் கலங்கியிருக்கும். குடித்த பிறகு அதே 20 வளைவையும் இறங்கவும் வேண்டாம், தோட்டத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வாத்தியார்
10 டிகிரி கூடினால் வேதிவினை ஏறத்தாழ இரட்டை வேகம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. நல்ல நிலவறை 12 டிகிரி, உங்கள் பரண் வெயில் நாளில் 37 என்று வைத்துக்கொண்டால் 25 டிகிரி வித்தியாசம். கிட்டத்தட்ட 5.7 மடங்கு. வருடம் பூராவும் அதே சூடு இருந்திருந்தால் 2 வருடம் 11 வருடத்துக்குச் சமம். ஐப்பசி, மார்கழியைக் கழித்தால் குறையும்.

பரண்வாசி
அப்படியென்றால் 11 வருடச் சரக்கு என்று மச்சானிடம் பெருமை பேசலாமா?

மால்ட்டு அக்கா
முடியாது. எல்லா வினையும் ஒரே விகிதத்தில் வேகமாகாது. புது நெல்லை வேகவைத்தால் புழுங்கல் அரிசி கிடைக்கும், பழைய அரிசி கிடைக்காது. தாமஸ் ஹார்டீஸ் ஏல் என்று ஒன்று, 1968-இல் டார்செஸ்டரில் எல்ட்ரிஜ் போப் முதலில் போட்டது. 25 வருடம் தாங்கும் என்று லேபிளிலேயே போட்டார்கள். அந்தப் பேச்செல்லாம் குளிர்ந்த இடத்தில் வைத்தவர்களுக்கு.

ஏற்காட்டுக் கேள்விக்கும் அதுதான் பதில். குளிர் மேற்கொண்டு கெடாமல் பார்த்துக்கொள்ளும். வந்த அட்டை வாசத்தைத் திரும்ப எடுக்காது. இந்த 3 பாட்டிலுக்காக மலையேற வேண்டாம், குடித்துத் தீருங்கள்.

பரண்வாசி
12 நாள் கழித்து வருகிறேன். அக்கா சொன்னபடி நிமிர்த்தி வைத்து, வண்டலை விட்டு ஊற்றினேன். நாலு பேர் பகிர்ந்தோம். சோயா சாஸ் முக்கால்வாசி காணோம். கிளாஸ் கொஞ்சம் சூடானதும் வெல்லப்பாகு, பேரீச்சை, கடைசியில் லேசான காப்பிக் கசப்பு. அட்டை இருக்கிறது, ஓரமாக. பக்கத்து வீட்டு அண்ணா "நல்லாத்தானே இருக்கு" என்று என் பங்கையும் கேட்டார். பொங்கலுக்கு மச்சான் மறுபடி 4 கொண்டுவருகிறார். அதை எங்கே வைப்பது?

காப்பிமலை
நெடுநாள் வைக்க ஆசை என்றால் பழைய ஐஸ்பெட்டி ஒன்று வாங்கி, வெளியே தெர்மோஸ்டாட் மாட்டி 12 டிகிரியில் ஓட்டுங்கள். அதற்குச் செலவு பார்த்தால் வீட்டு ஐஸ்பெட்டியே போதும். முதுமை மெதுவாக வரும், கொஞ்சம் கலங்கலாகத் தெரியலாம், அதனால் கெடுதல் இல்லை. கரண்ட் ஒன்றிரண்டு மணி நேரம் போனால் பயப்படாதீர்கள். கிரவுன் மூடி (சோடா பாட்டில் மாதிரித் தகர மூடி) போட்ட பாட்டிலைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து நின்றால் காற்றுப்படும் பரப்பு குறைவு, வண்டலும் அடியில் படியும். அப்புறம் வெளிச்சம். ஹாப்ஸ் பொருள் வெளிச்சம் பட்டால் நாறும். பழுப்புக் கண்ணாடி ஓரளவு காப்பாற்றும், பச்சை பெரிதாகக் காப்பாற்றாது.

பரண்வாசி
வீட்டில் அனுமதி கிடைத்துவிட்டது. இட்லி மாவுச் சட்டிக்குப் பின்னால் நாலு பாட்டில் நிற்க இடம். மாவு அரைக்கும் நாளில் மட்டும் இரண்டு வெளியே வர வேண்டுமாம்.

மால்ட்டு அக்கா
அந்த இரண்டை முதலில் குடியுங்கள்.