1951 செவர்லே பிக்கப்: சேஸிஸ் நம்பர் எங்கே இருக்கும்?

வணக்கம். காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். தாத்தா குடியாத்தம் சந்தைக்கு வெல்ல மூட்டை ஏற்றிய செவர்லே 3100 பிக்கப்பை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஆனால் ஆர்.சி.யை அப்பா பெயருக்கு மாற்ற சேஸிஸ் நம்பரின் பென்சில் பிரின்ட் (நம்பர் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு) கேட்கிறார்கள். வண்டியில் நம்பரையே காணோம்.

டிரைவர் பக்கக் கதவுத் தூணில் தகடு இருக்க வேண்டும். அங்கே ரிவிட் ஓட்டைகள்தான் மிச்சம், சுற்றிலும் துரு. இன்ஜின் நம்பரும் கைகொடுக்காது. பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை எப்போதோ எடுத்துவிட்டு பெர்கின்ஸ் டீசல் மாட்டியிருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தைக் கரையான் தின்றதுபோக சேஸிஸ் நம்பரில் ‘ஜே.பி.’ என்ற எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. அது 1951-இன் 3100 வரிசையைக் குறிக்கும். அதற்கு முன்னால் வரும் ஆலை எண் (1 என்றால் பிளின்ட், 5 என்றால் கன்சாஸ் சிட்டி), பின்னால் வரும் வரிசை எண் இரண்டும் போய்விட்டன.

இடதுபக்க பிரேமை முன் பம்பரிலிருந்து கேபின் வரை டீசல் ஊற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தாயிற்று. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தும் சாக்பீஸ் தடவியும் பார்த்தோம். கிரைண்டர் வைக்கவில்லை, மங்கலாக ஏதாவது இருந்தால் அதுவும் அழிந்துவிடும். புதிதாக பஞ்ச் அடித்துத் தருவதாக ஒருவர் சொன்னார். அது குற்றம், செய்ய மாட்டோம்.

இதே வண்டி வைத்திருப்பவர்களே, உங்கள் பிரேமில் நம்பர் சரியாக எந்த இடத்தில் அடித்திருக்கிறது?