சிவில் மாணவர்கள் 32 பேர், டோக்கியோவில் 6 நாள்: இந்த அட்டவணை தாங்குமா?

கோவை_சிவில்:

மூன்றாம் ஆண்டு சிவில் மாணவர்கள் 32 பேர், உடன் வருவது ஒரு மேடம் உள்பட ஆசிரியர்கள் 3 பேர். மே மாதம் டோக்கியோவுக்கு ஐ.வி. (இண்டஸ்ட்ரியல் விசிட்) போகிறோம். விமானத்தில் போகும் நாள், வரும் நாள் தவிர முழுசாக 6 நாள். வெள்ளத் தடுப்பும் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானமும்தான் பொருள் என்று துறையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஏஜென்சி அனுப்பிய அட்டவணையில் இருப்பவை: அசகுசா கோயிலின் "ஐந்தடுக்கு மரக்கோபுரம்", ஸ்கைட்ரீ, நகாகின் கேப்சூல் டவர், திங்கட்கிழமை உயெனோ அருங்காட்சியகங்கள், ஒரு மதியம் கசுகாபே ஊரில் இருக்கும் வெள்ளநீர் வடிகால் சுரங்கம், ஒரு நாள் பல்கலைக்கழக ஆய்வகம், ஒரு நாள் டிஸ்னிலேண்ட்.

கேள்விகள்:
ஈ-விசா போதுமா? பாஸ்போர்ட் எல்லாவற்றையும் வழக்கம்போல ஒரே பையில் போட்டு ஆசிரியர் வைத்துக்கொள்ளலாமா? ஊருக்குள் ரயிலா, பஸ்ஸா? 14 பேர் சுத்த சைவம். ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாம் என்று பையன்கள் சொல்கிறார்கள். அட்டவணையில் எதைத் தூக்கலாம், எதைச் சேர்க்கலாம்?

விசா_வரிசை:

பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குகிறேன். ஒரே பையில் போட்டு வைப்பது ஜப்பானில் சட்டப்படி தவறு. குறுகிய காலம் வரும் வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். ஜெராக்ஸ் செல்லாது. ஆளுக்கொரு கழுத்துப் பை வாங்கிக் கொடுத்து, சட்டைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஹோட்டலிலும் ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் நகல் எடுப்பார்கள். 35 பேருக்கு அது அரை மணி நேர வேலை. அறை வாரியாகப் பெயர்ப் பட்டியலையும் பாஸ்போர்ட் நகல்களையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டால் வரிசை குறையும்.

ஈ-விசா சுற்றுலாவுக்கு மட்டும்தான். தெருவில் நின்று பாலத்தையும் மதகையும் பார்ப்பதும், பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இடங்களுக்கு டிக்கெட் எடுத்துப் போவதும் சுற்றுலாவில் அடங்கும். பல்கலைக்கழகம் அழைப்புக் கடிதம் தந்து, ஆய்வகத்தில் ஒரு நாள் நிகழ்ச்சி வைத்து, அதை நீங்கள் பயண நோக்கமாக எழுதினால் கதை வேறு. அழைப்பவர் தரும் அழைப்புக் காரணக் கடிதம், நாள்வாரி தங்கும் திட்டம் எல்லாம் வைத்து அந்த நோக்கத்துக்கு உரிய குறுகிய கால விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒன்று, கவுண்ட்டரில் மாணவன் வாயில் இன்னொன்று என்று இருந்தால் 35 பேர் விண்ணப்பமும் சேர்ந்து தொங்கும். ஆய்வகம் வேண்டுமா வேண்டாமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

ஈ-விசா கிடைத்துவிட்டால் இன்னொரு கண்ணி இருக்கிறது. விசா வழங்கப்பட்டதற்கான அறிவிப்பை இணையத்தோடு இணைந்த போனில், நேரடியாக அந்தப் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், பி.டி.எஃப்., பிரின்ட் எதுவும் ஏற்கப்படாது. சென்னை செக்-இன் கவுண்ட்டரில் ஒரு தடவை, இறங்கிய இடத்தில் ஒரு தடவை. டேட்டா இல்லாத பையன் இரண்டு இடத்திலும் வரிசையை நிறுத்துவான். குழுவுக்கு நாலு பேரிடமாவது ரோமிங்கோ ஈ-சிம்மோ இருந்து ஹாட்ஸ்பாட் தர வேண்டும்.

மருந்து விஷயத்தில் கவனம். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைகளுக்கு அங்கே தடை. ஊரில் சாதாரணமாக வாங்கும் சில மாத்திரைகளில் அது இருக்கும், அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். டாக்டர் சீட்டு மருந்து ஒரு மாத அளவுக்கு உள்ளே தனி அனுமதி வேண்டியதில்லை. இறைச்சி ஊறுகாய், பச்சைக் கறிவேப்பிலை, பழம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், சுங்கத்தில் போய்விடும்.

தேதி: ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறை. ஹோட்டல் விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். மே இரண்டாம் பாதி நல்லது. ஜூனில் மழைக்காலம் தொடங்கிவிடும், உங்கள் வெள்ளச் சுரங்கத்துக்கு அது ஏன் முக்கியம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள்.

நிஷிகசாய்வாசி:

ரயிலா பஸ்ஸா என்றால் இரண்டும். இறங்கும் நாள், கசுகாபே நாள், கிளம்பும் நாள் மூன்றுக்கும் 45 இருக்கை பஸ். மற்ற நாள்களில் ரயில். நரிதா விமான நிலையம் டோக்கியோ நடுவிலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. 35 பெட்டிகளோடு ரயில் மாறுவதைவிட பஸ் பாடு தேவலை. ஆனால் பஸ்ஸின் அடிவயிற்றில் 35 பெரிய பெட்டி கொள்ளுமா என்று எண்ணிக்கை சொல்லி எழுத்தில் கேளுங்கள். இருக்கை 45 என்பதால் பெட்டியும் 45 போகும் என்று அர்த்தமில்லை.

ரயிலில் ஆளுக்கொரு ஐ.சி. கார்டு (பணம் ஏற்றி, கேட்டில் தட்டிப் போகும் அட்டை) வேண்டும், சுயிகாவோ பாஸ்மோவோ எதுவானாலும் சரி. ஒரு கார்டைத் தட்டி இரண்டு பேர் போக முடியாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் போனிலேயே சுயிகா சேர்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவற்றில் அதற்கான சிப் இல்லை, அவர்களுக்கு பிளாஸ்டிக் கார்டுதான். ஸ்டேஷன் இயந்திரத்தில் கார்டில் பணம் ஏற்ற ரொக்கம் வேண்டும். 'வெல்கம் சுயிகா' வாங்கினால் முன்பணம் கிடையாது, ஆனால் 28 நாளில் செத்துவிடும், மிச்சத் தொகை திரும்ப வராது.

24, 48, 72 மணி நேர சப்வே டிக்கெட் லாபம். முதல் தடவை கேட்டில் விட்ட நிமிடத்திலிருந்து மணி ஓடும். அது டோக்கியோ மெட்ரோவின் 9 பாதை, தோயேயின் 4 பாதை, அவ்வளவுதான். பச்சை வளையமான யமனோதே பாதை ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நிறுவனத்துடையது, அதில் செல்லாது. இன்னொரு சிக்கல்: சப்வே ரயில்கள் பல, கடைசி ஸ்டேஷனில் நிற்காமல் தனியார் பாதைக்குள் அப்படியே ஓடிவிடும். ஹன்ஸோமோன் பாதையில் ஸ்கைட்ரீக்கு ஓஷியாகேயில் இறங்காமல் தூங்கினால் சைதாமாவில் கண் விழிக்க வேண்டும். அப்படி ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, கேட்டுக்கு முன்னால் இருக்கும் கட்டணச் சரிக்கட்டு இயந்திரத்தில் மிச்சத்தைக் கட்டி வெளியே வரலாம்.

35 பேர் ஒரே பெட்டியில் ஏற நினைக்காதீர்கள். எட்டெட்டுப் பேராக நாலு குழு, குழுவுக்கு ஒரு தலைவன், குழுவுக்கு ஒரு கதவு. ஆசிரியர்களில் ஒருவர் முதலில் ஏறுபவரோடு, ஒருவர் கடைசியாக ஏறுபவரோடு. காலை 7:30 முதல் 9 வரை வெளியே கிளம்பவே வேண்டாம். சந்திக்கும் இடத்தை ஸ்டேஷன் பெயரால் சொல்லாதீர்கள், வெளிவாசல் எண்ணால் சொல்லுங்கள். ஷிஞ்ஜுகுவில் வாசல்கள் மட்டும் 200-க்கு மேல். "ஷிஞ்ஜுகுவில் நிற்கிறேன் சார்" என்பது "தாம்பரத்தில் நிற்கிறேன்" என்பதுபோல. யாராவது பிளாட்பாரத்தில் விடுபட்டால் நடுவில் யாரும் இறங்கித் தேடக்கூடாது. அடுத்து வருவது அந்த நடு ஸ்டேஷனில் நிற்காத விரைவு ரயிலாக இருக்கலாம். விடுபட்டவன் போய்ச் சேர வேண்டிய ஸ்டேஷனுக்கே வந்து, பிளாட்பாரத்திலேயே நிற்கட்டும்.

சாப்பாடு. "மீன் இல்லை" என்று கடைக்காரர் சொன்னாலும் மீஸோ சூப்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும் தாஷி இருக்கும். உலர்ந்த மீன் சீவலைக் கொதிக்க வைத்து எடுத்த சாறு அது, அங்கே அதை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. 'வெஜிடேரியன்' என்ற பலகையைவிட 'வீகன்' என்று எழுதியிருப்பதை நம்பலாம். ஒரு வேளையாவது தோஸாய் பாதையில் நிஷிகசாய்க்கு வாருங்கள். இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி, மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் உண்டு, தமிழும் காதில் விழும். 35 பேர் திடுமென்று போய் நின்றால் எந்தக் கடையும் தாங்காது, இரண்டு நாள் முன்பே பார்சலாகச் சொல்லிவிடுங்கள். அடுத்த ஸ்டேஷன் கசாய், அங்கே சுரங்க ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. டோக்கியோவில் 1927-ல் ஓடத் தொடங்கிய ஆசியாவின் முதல் சப்வே பற்றிய பகுதி சிவில் பிள்ளைகளுக்கு ஏற்றது. திங்கள் விடுமுறை.

ஷியர்_வால்:

அட்டவணையைப் போட்டவர் பழைய பட்டியலை வெட்டி ஒட்டியிருக்கிறார். நகாகின் கேப்சூல் டவரை 2022-ல் இடித்தாகிவிட்டது. அசகுசாவின் ஐந்தடுக்குக் கோபுரம் மரமே அல்ல. போரில் எரிந்ததை 1973-ல் இரும்பும் கான்கிரீட்டும் வைத்துக் கட்டினார்கள். "மரக்கோபுரம் நிலநடுக்கத்தில் ஏன் விழுவதில்லை" என்று அதன் படத்தைப் போட்டு அறிக்கை எழுதும் மாணவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உண்மையான மரக்கோபுரம் வேண்டுமென்றால் உயெனோவில் 1639-ல் கட்டியது நிற்கிறது, இப்போது மிருகக்காட்சிச் சாலை எல்லைக்குள். தெற்கே இகெகாமி ஹோன்மோன்ஜியில் 1608-ல் கட்டியது இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஸ்கைட்ரீக்குப் போங்கள். 634 மீட்டர் கோபுரத்தின் நடுவே 8 மீட்டர் விட்டத்தில், 375 மீட்டர் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் குழாய். உள்ளே படிக்கட்டு. வெளிச்சட்டத்திலிருந்து அது பிரிந்து நிற்கிறது, 125 மீட்டருக்கு மேலே ஆயில் டாம்பர்களால் (அதிர்வைத் தணிக்கும் எண்ணெய் உருளைகள்) மட்டும் இணைப்பு. வெளிச்சட்டம் ஒரு பக்கம் போகும்போது நடுக்குழாய் வேறு நேரத்தில் அசைவதால் ஆட்டம் தணிகிறது. மேலே ஏற டிக்கெட் வாங்குவது உங்கள் விருப்பம், பாடம் கீழேயே முடிந்துவிடும்.

திங்கட்கிழமை உயெனோ போனால் பூட்டிய கதவுதான். மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம் லெ கார்பூசியே வடிவமைத்த 1959 கட்டடம். நிலநடுக்க ஆட்டம் மேலே ஏறாதபடி பழைய கட்டடத்தின் அடியில் ரப்பர் தாங்கிகளைச் செருகி அடித்தளத்தைப் பிரித்த வேலை 1998-ல் முடிந்தது, ஜப்பானில் அப்படிச் செய்ததில் அதுவே முதல். செவ்வாய்க்கு மாற்றுங்கள். திங்களன்று டோக்கியோ ஸ்டேஷனின் மருநோஉச்சி செங்கல் கட்டடத்தைப் பாருங்கள். 1914-ல் கட்டியது. 2012-ல் முடிந்த மீட்புப் பணியில் அடியில் 352 ரப்பர் தாங்கிகளும் 158 ஆயில் டாம்பர்களும் வைத்தார்கள், அதுவும் ரயில் ஓட ஓட.

இனி கசுகாபே. ஒரு மதியத்தில் முடியாது, முழு நாள் ஒதுக்குங்கள். ரயிலில் போனால் மினாமி-சகுராய் ஸ்டேஷனிலிருந்து இன்னும் சுமார் 3 கி.மீ. அதனால்தான் மேலே பஸ் என்றார்கள். முன்பதிவு கட்டாயம். ஜப்பானிய மொழி புரிந்தவர் குழுவில் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள், அவசர அறிவிப்பு அந்த மொழியில்தான் வரும். நூற்றுக்கு மேற்பட்ட படி தானே இறங்கி ஏற வேண்டும், செருப்பும் ஹீல்ஸும் கூடாது. மழை பெய்து தண்ணீர் உள்ளே வந்தால் அன்றைய பார்வை ரத்து, சுத்தம் செய்யச் சில நாளும் ஆகும். ஆறு நாளில் முதல் பாதியில் போடுங்கள், ரத்தானால் மாற்று நாள் கேட்க இடமிருக்கும்.

அங்கே எல்லாரும் அண்ணாந்து படம் எடுப்பது 177 மீட்டர் நீளம், 78 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரமுள்ள தொட்டியின் தூண்களை. 59 தூண், ஒவ்வொன்றும் 500 டன். கூரையைத் தாங்க இவ்வளவு கனம் தேவையில்லை. காலித் தொட்டியை நிலத்தடி நீர் மேலே தூக்கும், அதை அமுக்கத்தான் இந்தக் கனம். போகும் முன்பே இந்தக் கணக்கைக் கொடுங்கள்: தொட்டியின் அடி தரையிலிருந்து 22 மீட்டர் ஆழம், நீர்மட்டம் தரையளவு என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 22 டன் தூக்குவிசை. பரப்பு 13,806 சதுர மீட்டர், ஆகமொத்தம் 3 லட்சம் டன். தூண்கள் எல்லாம் சேர்ந்து 29,500 டன், பத்தில் ஒரு பங்கு. மிச்சத்தை எது பிடிக்கிறது? அடித்தளம், சுவர், கூரை, அதன் மேல் இருக்கும் மண், பக்கவாட்டு உராய்வு. கணக்கைப் போட்டுவிட்டு இறங்கிய பையன் வேறு கேள்வி கேட்பான்.

"சென்னைக்கும் இப்படி ஒன்று" என்று அறிக்கையில் கண்டிப்பாக வரும். அதற்கும் எண் இருக்கிறது. நான்கு பம்புகளும் சேர்ந்து எடோ ஆற்றுக்குத் தள்ளுவது நொடிக்கு 200 கன மீட்டர், நம் கணக்கில் சுமார் 7,000 கன அடி. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் மட்டும் திறந்தது 29,000 கன அடி. சுரங்கம், கிணறு, தொட்டி எல்லாம் சேர்ந்து கொள்ளுவது 6.7 லட்சம் கன மீட்டர், அதாவது 24 மில்லியன் கன அடி. செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஆக அது சேமிப்புத் தொட்டி அல்ல. சின்ன ஆறுகளின் வெள்ளத்தை 6.3 கி.மீ. சுரங்கம் வழியே பெரிய ஆற்றுக்கு மாற்றிவிடும் வேலை. பக்கத்தில் பெரிய ஆறு இருந்தால்தான் அந்த வேலைக்கே பொருள்.

டிஸ்னிலேண்டைத் தூக்கிவிட்டு அரகாவா ஆற்றின் மதகுகளைச் சேருங்கள். நன்போகு பாதையில் அகபானே-இவபுச்சியில் இறங்கி 15 நிமிட நடை. 1924-ல் கட்டிய சிவப்பு மதகும், 1982-ல் வந்த நீல மதகும் பக்கத்தில் பக்கத்தில். இப்போது டோக்கியோ நடுவே ஓடும் அரகாவா, 22 கி.மீ. தூரம் மனிதர்கள் வெட்டிய வடிகால். அந்த வேலையை முன்னின்று நடத்திய அகிரா அவோயாமா, பனாமா கால்வாய்க் கட்டுமானத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர். 2019 அக்டோபர் புயலில் நீல மதகை மூடித்தான் கீழே சுமிதா ஆற்றோரத்தைக் காத்தார்கள். அருகில் இலவச அருங்காட்சியகம், அதுவும் திங்களன்று மூடியிருக்கும்.

கோவை_சிவில்:

நன்றி. கசுகாபேயை இரண்டாம் நாளுக்கு மாற்றிவிட்டோம், டிஸ்னி போச்சு, பையன்களிடம் இன்னும் சொல்லவில்லை. ஆய்வகத்தை விட்டுவிட்டு ஈ-விசாவே போதும் என்று துறைத்தலைவர் சொல்கிறார். அந்த நாளுக்கு வேறு என்ன வைக்கலாம்? ரைஸ் குக்கர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

ஷியர்_வால்:

அந்த நாளில் ஓஷியாகே பக்கம் ஹோன்ஜோ தீயணைப்புத் துறைப் பயிற்சி மையம். வெளியே தண்ணீர் நின்றால் கதவைத் தள்ள எவ்வளவு பலம் வேண்டும் என்று தள்ளிப் பார்க்கலாம், நிலநடுக்க மேடையும் உண்டு. முன்பதிவு செய்யுங்கள். மதியம் அரியாகேவில் பேரிடர்ப் பூங்கா, நிலநடுக்கத்துக்குப் பிறகான 72 மணி நேரத்தைக் கையில் டேப்லெட்டோடு நடந்து பார்க்கும் ஏற்பாடு. இரண்டும் இலவசம்.

நிஷிகசாய்வாசி:

ரைஸ் குக்கர் வேண்டாம். அங்கே 100 வோல்ட். 230 வோல்ட் குக்கரைச் சொருகினால் சக்தி 100-க்கும் 230-க்கும் உள்ள விகிதத்தின் வர்க்கம், அதாவது 19 சதவீதம். 700 வாட் குக்கர் 130 வாட்டில் உட்கார்ந்திருக்கும். அரிசி ஊறும், வேகாது. ஹோட்டல் அறையில் சமைப்பதையும் பெரும்பாலும் விடமாட்டார்கள். லேப்டாப், போன் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்தால் பிரச்சினை இல்லை, ஆனால் சாக்கெட் இரண்டு தட்டைப் பின். நம் மூன்று பின் பிளக்குக்கு எர்த் இல்லாத தட்டைப் பின் அடாப்டர் ஆளுக்கு ஒன்று ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அறைக்கு ஒன்று போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இரவு பத்து மணிக்கு மூன்று போனும் ஒரு பவர் பேங்க்கும் அதற்காகக் காத்திருக்கும்.