ஒரு # விட்டுப்போனதால் வந்த வினை

சின்ன வயதில் எங்கள் வீட்டு டிவி கேமுக்கு ‘9999 இன் 1’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய கேசட் ஒன்று இருந்தது. உள்ளே இருந்ததோ ஏழெட்டு கேம்தான். அந்தப் பெட்டியே 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. அதில் ஓடுகிற மாதிரி நானே ஒரு கேம் எழுதிவிட வேண்டும் என்று போன வருடம் அந்தப் பெட்டியில் இருக்கும் 6502 வகை சிப்புக்கு நேரடியாகக் கட்டளை எழுதும் மொழியான 6502 அசெம்பிளி படிக்க உட்கார்ந்தேன்.

ஆபீஸில் எழுதுவது ஜாவாஸ்கிரிப்ட். இங்கே ஏ, எக்ஸ், ஒய் என்று கணக்குப் போட மூன்றே ரெஜிஸ்டர் (சிப்புக்குள் எண்ணை வைக்கும் இடம்). பெருக்கல் கட்டளை கிடையாது. ரேம் மொத்தமே 2048 பைட்.

செங்கல் விழ விழத் தட்டிவிடும் சின்ன கேம்தான். எமுலேட்டரில், அதாவது கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டி மாதிரியே நடிக்கும் மென்பொருளில், ஜோராக ஓடியது. எஸ்டி கார்டு கேசட்டில் ஏற்றிப் பழைய பெட்டியில் செருகினேன். ஸ்கோர் 000000 என்று வர வேண்டிய இடத்தில் ஆறு செங்கல்! அணைத்துப் போட்டால் ஆறு மேகம்.

இரண்டு ராத்திரி தூக்கம் போச்சு. பவர் போட்டதும் ரேமில் குப்பை கிடக்கும் என்று தெரிந்துதான், தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் பூஜ்யமாக்கும் லூப் எழுதியிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: குப்பையாக இருந்தால் ஆறும் ஆறு விதமாக அல்லவா இருக்க வேண்டும்? எல்லாம் ஒன்றுபோல இருந்தால் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான். எல்டிஏ என்பது ஏ ரெஜிஸ்டரில் எண்ணை ஏற்றும் கட்டளை. எல்டிஏ #0 என்பதற்குப் பதில் எல்டிஏ 0 என்று அடித்திருக்கிறேன். # இருந்தால் பூஜ்யம் என்ற எண். இல்லாவிட்டால் பூஜ்யம் என்ற முகவரியில் கிடப்பது. அங்கே கிடந்த குப்பையை எடுத்து ரேம் முழுக்கப் பூசி மெழுகியிருக்கிறேன்! என் எமுலேட்டரில் அந்த முகவரியில் எப்போதும் பூஜ்யமே இருந்ததால் குட்டு வெளிப்படவில்லை.

* * *

(இதைப் படித்த இன்னொருவர் எழுதியது:) உங்களுக்காவது 2048 பைட். நான் மாட்டியது அடாரி 2600 என்ற பழைய கேம் பெட்டியில், அங்கே 128தான். திரைக்கென்று தனி மெமரி இல்லை. டிவி ஒவ்வொரு வரியாக வரைய வரைய, கூடவே ஓடி நிறம் மாற்ற வேண்டும். வரிக்கு 76 சைக்கிள், அதாவது சிப்பின் 76 துடிப்பு நேரம். என் லூப்புக்கு 79 ஆனது. அந்த மூன்றுக்காக ஒவ்வொரு முறையும் அடுத்த வரி முழுக்கக் காத்திருக்க, 262 வரியில் முடிய வேண்டிய படம் நீண்டுபோய் டிவியில் உருண்டுகொண்டே இருந்தது. வீட்டில் டிவி ரிப்பேர் என்றே நினைத்துவிட்டார்கள். லூப்புக்குள் தேவையே இல்லாமல் ஒரு எஸ்டிஏ (ஏ ரெஜிஸ்டரில் இருப்பதை மெமரியில் எழுதும் கட்டளை) இருந்தது, சரியாக மூன்று சைக்கிள். அதை வெளியே எடுத்ததும் படம் உருளாமல் நின்றது.