‘டேனி பாய்’ மெட்டு கேட்டால் பூர்வஜென்மம் ஞாபகம் வருமா?

மழைக்காகம்:
‘டேனி பாய்’ பாட்டின் ஐரிஷ் மெட்டை, வரிகள் இல்லாமல் வயலினில் மட்டும் கேட்டுப் பாருங்கள். அயர்லாந்து பக்கமே போகாத எனக்கு ஈரப் புல்வெளியும் கல் சுவரும் கண்ணுக்குள் வந்து நிற்கின்றன, தொண்டை அடைக்கிறது. இதை வெறும் ரசனை என்று ஒதுக்க மனம் ஒப்பவில்லை. விட்ட குறை தொட்ட குறை ஏதோ இருக்கிறது. சாகுந்தலத்தில் துஷ்யந்தன் சொல்வதும் இதுதானே? சுகமாக இருப்பவனும் இனிய ஒலி கேட்டு ஏங்கினால், அது முற்பிறவி நேசத்தின் நினைவு என்கிறான்.

கணக்குப்பிள்ளை:
துஷ்யந்தன் மறந்தது இந்த ஜென்மத்து மனைவியையே, ஐயா! அவனையா சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள்?

மெட்டுக்கு வருவோம். வட அயர்லாந்தின் லிமவாடி ஊரில் ஜேன் ராஸ் என்ற பெண்மணி எழுதிவைத்தது, 1855இல் ஜார்ஜ் பெட்ரியின் தொகுப்பில் அச்சானது. வரிகள் இன்னும் புதுசு. பிரெட் வெதர்லி என்ற ஆங்கிலேய வக்கீல் வேறு மெட்டுக்கு எழுதியதை 1913இல் இதோடு பொருத்தி வெளியிட்டார். அப்புறம் சினிமா, சாவு வீடு, காமன்வெல்த் போட்டியில் வட அயர்லாந்து தங்கம் வென்றால் ஒலிக்கும் கீதம் என்று எங்கும் இதுதான். உங்கள் காதிலும் எப்போதோ விழுந்திருக்கும், கூடவே பச்சை மலையும் காட்டியிருப்பார்கள்.

மழைக்காகம்:
அச்சானது 1855 என்றால் பிறந்ததும் அப்போதா? ‘ரொம்பப் பழசு’ என்று சொல்லித்தான் ஜேன் ராஸ் அனுப்பினார்.

பிரைடி மர்பி கதைக்கு என்ன சொல்கிறீர்கள்? 1952இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் பியூப்லோ நகரில் மோரி பெர்ன்ஸ்டைன் ஓர் இல்லத்தரசியை ஹிப்னாடிச உறக்கத்தில் ஆழ்த்தினார். 1798இல் அயர்லாந்தின் கார்க் ஊரில் பிறந்த பிரைடி மர்பி நான் என்று அந்தப் பெண் ஐரிஷ் வாடையோடு பேசினார், பாடினார். அவர் சொன்ன பெல்பாஸ்ட் மளிகைக்காரர்கள் இருவர் பெயரும் அந்தக் காலத்து நகர விவரப் புத்தகத்தில் இருந்தன.

கணக்குப்பிள்ளை:
பிரைடி என்று ஒருத்தி வாழ்ந்ததற்குப் பதிவே அகப்படவில்லை. அயர்லாந்தில் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864இல்தான் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த இல்லத்தரசி சிறுமியாக சிகாகோவில் இருந்தபோது, எதிர்வீட்டில் ஓர் ஐரிஷ் அம்மாள் குடியிருந்ததை 1956இல் பத்திரிகைக்காரர்கள் தோண்டியெடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன் அந்த அம்மாள் பெயர் பிரைடி மர்பி!

சுருதிப்பெட்டி:
இரண்டு பேரும் மெட்டை விட்டுவிட்டு ஜாதகம் பார்க்கிறீர்கள். வாசித்துப் பாருங்கள், எடுப்பே கீழ் நிஷாதத்தில். நி, ஸ, ரி என்று ஏறி காந்தாரத்தில் நிற்கும். சறுக்கும், மறுபடி ஏறும். பிற்பாதியில் மேலேயே சஞ்சாரம். முடிவதற்குச் சற்று முன் தாரஸ்தாயி, அதாவது மேல் ஸ்தாயி காந்தாரத்தைத் தொட்டுவிட்டு இறங்கும். புல்லரிப்பது அங்கேதான். 2011இல் கனடாவின் மகில் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. இசை கேட்டுப் புல்லரிக்கும்போது மூளையில் டோபமைன் என்ற இன்ப ரசாயனம் சுரக்கிறதாம். உச்சம் வருவதற்கு முன்பே, எதிர்பார்ப்பிலேயே தொடங்கிவிடுகிறதாம். எதிர்பார்த்த சுரம் வந்து விழுந்தால், ஏற்கெனவே பழகிய இடம் போலத்தானே தோன்றும்?

மழைக்காகம்:
புல்லரிக்க டோபமைன், சரி. கல் சுவரையும் அதுதான் கட்டியதா? எனக்குக் காஷ்மீர் தோன்றியிருக்கலாமே!

கணக்குப்பிள்ளை:
ஐரிஷ் மெட்டு என்று தெரிந்துதானே கேட்டீர்கள்? அதிகம் புழங்காத ஐரிஷ், பல்கேரிய, ஜார்ஜிய மெட்டுகளைப் பெயர் போடாமல் கலந்து அனுப்புகிறேன். எதில் கல் சுவர் வருகிறதென்று எழுதுங்கள்.

மழைக்காகம்:
தாராளமாக அனுப்புங்கள். இன்னொன்று, வெதர்லிக்கு இந்த மெட்டை அனுப்பிய அவருடைய சகோதரரின் மனைவி அப்போது இருந்ததும் கொலராடோவில்தான். பிரைடி பேசியதும் அங்கேதான்.

கணக்குப்பிள்ளை:
கொலராடோ தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு பெரிசு, ஐயா. அதில் இரண்டு பெண்கள் இருக்கக் கூடாதா? மெட்டுகள் தனிமடலில் வருகின்றன.