கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா? 14 அடி லாரியின் கிளட்ச் தகராறு

துவாஸ்_டிரைவர்:
நான் ஓட்டும் 14 அடி லாரிக்கு இது ஒன்பதாவது ஆண்டு. சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், முடிய இன்னும் 14 மாதம் இருக்கிறது. காலையில் ரிவர்ஸ் போட்டால் ‘கரக்’ என்று பல் அரைக்கிறது. மாலையில் ஆயர் ராஜா விரைவுச்சாலை நெரிசலில் கிளட்சை மிதித்துப் பிடித்தால், பெடல் மெல்ல மெல்லத் தரையோடு போய்விடுகிறது. உடனே இன்னொரு முறை மிதித்தால் கியர் விழுகிறது. கிளட்ச் எண்ணெய்த் தொட்டியில் மட்டம் குறையவில்லை. பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கி, தட்டு உட்பட கிளட்ச் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

ஜூரோங்_ஆறுலாரி:
மாற்றிவிடுங்கள் தம்பி. என்னிடம் ஆறு லாரிகள் ஓடுகின்றன. இன்று ஒரு ரப்பர், அடுத்த வாரம் ஒரு குழாய் என்று பட்டறைக்கு நடந்துகொண்டிருந்தால், வண்டி நிற்கும் நாளுக்கு வாடிக்கையாளரிடம் யார் பதில் சொல்வது?

காக்கிபுக்கிட்_ஸ்பானர்:
தலைவலிக்குத் தலையணையை மாற்றச் சொல்கிறீர்களே அண்ணே! கிளட்ச் தட்டு தேய்ந்தால் வழுக்கும். மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் கத்தும், லாரி வேகமெடுக்காது. இவருக்கு நேர்மாறு, மிதித்தாலும் கிளட்ச் இன்ஜினைவிட்டுப் பிரியவில்லை. இரண்டாவது மிதியில் கியர் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். தட்டில் கோளாறு என்றால் எத்தனை முறை மிதித்தாலும் அதே கதைதான். ஒன்று குழாயில் காற்று புகுந்திருக்கும். அல்லது பெடலின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்து, எண்ணெய் அதைத் தாண்டி நழுவித் தொட்டிக்கே திரும்பும். மட்டம் குறையாததைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம்.

ஜூரோங்_ஆறுலாரி:
சந்தேகத்துக்கு எவன் காசு கொடுப்பது? என் லாரி ஒன்றில் மாஸ்டர், அந்த எண்ணெய் அழுத்தத்தால் கீழே கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் இரண்டையும் மாற்றிக் குழாயிலிருந்து காற்றும் எடுத்தோம். அப்போதும் அரைத்தது. கடைசியில் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால், அதன் தண்டு முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகிக் கிடந்தது.

காக்கிபுக்கிட்_ஸ்பானர்:
நியாயம். இறுகிய பேரிங், வளைந்த தட்டு இரண்டுமே இப்படி அரைக்கும். அதனால்தான் அளந்துவிட்டுப் பேசுவோம் என்கிறேன்.

தம்பி, இன்ஜினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஒருவர் பெடலை முழுதாக மிதித்துப் பிடிக்கட்டும். நீங்கள் கீழே ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகோல் எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். அரை நிமிடம் காலை எடுக்கக் கூடாது. தொடக்கத்திலேயே குறைவாக நகர்ந்தால் காற்றாக இருக்கலாம். நகர்ந்த பிறகு பின்வாங்கினால் எங்கோ எண்ணெய் நழுவுகிறது. அந்த மாடலுக்குரிய அளவு முழுக்க நகர்ந்து அங்கேயே நின்றால், கியர்பாக்ஸை இறக்குங்கள் என்று நானே சொல்வேன்.

துவாஸ்_டிரைவர்:
அளந்துவிட்டேன். 16 மில்லிமீட்டர் நகர்ந்தது. முப்பது எண்ணுவதற்குள் 9க்கு இறங்கிவிட்டது. ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது. பெடலுக்கு மேலே விரல் விட்டுத் தடவினேன், அங்கும் ஈரமில்லை. தொட்டியில் உள்ள எண்ணெய் மட்டும் கோப்பி ஓ (பாலில்லாக் காப்பி) நிறத்தில் இருக்கிறது.

காக்கிபுக்கிட்_ஸ்பானர்:
மாஸ்டர்தான். வெளியே ஒழுகவில்லை, கோலும் பின்வாங்குகிறது. வேறு எங்கே போகும்? அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரிக்கும், அதில் உரசி ரப்பர் கிழியும். ரப்பர் மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குழி விழுந்த சுவரில் புது ரப்பரும் நிலைக்காது. முழு சிலிண்டராகவே போடுங்கள்.

ஜூரோங்_ஆறுலாரி:
சரி, கியர்பாக்ஸைத் தொட வேண்டாம். ஆனால் ஸ்லேவையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயது. புது மாஸ்டரின் அழுத்தத்தில் பழைய ஸ்லேவ் ஒழுகி, மறுபடி பட்டறை வாசலில் நின்றவன் நான்.

காக்கிபுக்கிட்_ஸ்பானர்:
இதில் நான் அண்ணன் பக்கம்.

துவாஸ்_டிரைவர்:
சிஓஇயைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். 14 மாதத்துக்குப் புதுத் தட்டு எதற்கு? இரண்டு சிலிண்டர், புது எண்ணெய், அவ்வளவுதான். சனிக்கிழமை மதியம் லாரியை விடுகிறேன்.

ஜூரோங்_ஆறுலாரி:
கழற்றிய மாஸ்டரைக் கேட்டு வாங்கிப் பிரித்துப் படம் போடுங்கள். கிழிந்த ரப்பரைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்.