காலையில் மட்டும் வரும் இன்சுலேஷன் ஃபால்ட்: எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சோலார் லேப் பார்த்துக்கொள்கிறேன். மாணவர் பயிற்சியும் ஒரு பிஎச்டி மாணவியின் அளவீடும் ஒரே பிளான்டில்தான். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் இன்வெர்ட்டர் 'இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் குறைவு' (அதாவது டிசி பக்கம் எர்த்துக்குக் கசிகிறது) என்று காட்டி நின்றுவிடுகிறது. ஈரம் காய்ந்து 10 மணி ஆனால் தானே ஓடுகிறது. மாணவிக்கு வேண்டியதோ காலை நேர டேட்டா!

325 வாட் பாலிகிரிஸ்டலைன் பேனல்கள் 16, எட்டெட்டாக இரண்டு ஸ்ட்ரிங் (தொடராக இணைத்த வரிசை). 5 கிலோவாட், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டர். போட்டு 7 வருடம்.

ஸ்ட்ரிங்குகளைத் தனித்தனியாக இணைத்துப் பார்த்தோம், இரண்டாவதில்தான் கோளாறு. டிசி பெட்டியில் சர்ஜ் அரெஸ்டரை (மின்னல் போன்ற திடீர் மிகை வோல்டேஜைத் தடுப்பது) கழற்றினோம், பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர்களில் கை எட்டியவற்றை மாற்றினோம், கூரையிலிருந்து இறங்கும் கேபிளைத் தனியாக மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தோம். பலனில்லை. இரண்டாவது ஸ்ட்ரிங்கை மெகரில் 500 வோல்ட்டில் சோதித்தால் மதியம் 1 மெகாஓமுக்கு நன்றாகவே மேலே, காலையில் அதற்குக் கீழே. (சர்வீஸ்காரர் வந்தது மதியம். "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று போய்விட்டார்.)

அப்புறம் காலையில் பிளஸ்–எர்த், மைனஸ்–எர்த் வோல்டேஜ் அளந்தோம். இரண்டும் ஏறக்குறைய சமம். நான்காவது, ஐந்தாவது பேனலுக்கு நடுவே ஓரிடத்தில் கசிந்தாலும் இப்படி வரும். எட்டு பேனலின் பேக்ஷீட்டும் (பின்பக்க காப்புத் தாள்) வயதாகிச் சமமாகக் கசிந்தாலும் இப்படித்தான் வரும். பேனல்கள் ஓட்டுக்கூரையை ஒட்டியே இருப்பதால் நடு இணைப்பைத் தொட வரிசை முழுவதையும் கழற்ற வேண்டும்.

கழற்றாமலே இந்த இரண்டில் எது என்று பிரித்தறிய வழி உண்டா?